கூண்டு பார்க்க வந்தவர்கள்

கூண்டு பார்க்க வரும் பறவைகளுக்கு முதலில் தண்ணீர் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு. செவ்வாய்க் கிரகத்தின் நாலாம் குவிமாடத்தில் அதுதான் மரியாதை. பறவை குடித்து அலகைத் துடைக்கும்வரை வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மாரிச்செல்வியும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். பட்டம் வாங்கிய நாளில்கூட அவள் இவ்வளவு பணிவாக நின்றதில்லை.

பறவையை அதன் சம்மதம் இல்லாமல் கூண்டில் வைப்பது அங்கே குற்றம். சம்மதம் சொல்வதற்காக ஒவ்வொரு பறவையின் கழுத்திலும் கேழ்வரகு அளவில் ஒரு பேச்சுமணி பதித்திருந்தார்கள். பறவை நினைப்பதை அது தமிழாக்கிச் சொல்லும். குடியேறிய புதிதில், காற்று கெட்டால் முதலில் சுருண்டு விழுந்தவை பறவைகள்தான்; அதைப் பார்த்து மனிதர்கள் ஓடித் தப்பித்தார்கள். அந்த நன்றிக்குத்தான் இந்தச் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அரசு ஒதுக்கீட்டில் தனி ஆளுக்கு விடுதியில் ஒரு கட்டில். மூன்று உயிர் சேர்ந்தால் குடும்பம்; குடும்பத்துக்குத்தான் அறை. பறவையும் உயிர்க்கணக்கில் சேரும். மூவரில் தலைவர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. மனிதர்தான் என்று மனிதர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மாரிச்செல்விக்குத் தற்காலிகமாகக் கிடைத்திருந்த அறையைப் பார்வையிட மறுநாள் ஒதுக்கீட்டு அதிகாரி வருகிறார். அதற்குள் ஒரு பறவை ஜோடி சம்மதிக்காவிட்டால், பொழுது சாய்ந்ததும் வெளியே பூட்டுப் போடும் விடுதி வார்டனிடம் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"கல்யாணம் பண்ணு, ஒரு பிள்ளையப் பெறு. மூணு உயிர் ஆச்சு," என்றாள் அம்மா.

"கூண்டு கட்டுறது சுலபம்மா," என்றாள் மகள்.

அவளே கட்டினாள். பழைய காற்றுக்குழாய் வலையை வினிகர் ஊற்றித் தேய்த்தாள். கம்பியிலுள்ள துத்தநாகத்தைப் பறவை கொத்தித் தின்றால் விஷம். கால் மரத்துப்போகாமல் இருக்க, வெவ்வேறு தடிமனில் குச்சிகள் செதுக்கிச் செருகினாள். ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்கும்படி இரட்டைக் கதவு வைத்தாள். செவ்வாயில் எடை குறைவு. வேகமாக ஒரு சிறகடி அடித்தாலே பறவை கூரையில் போய் மோதும். அதனால் தன்னிடமிருந்த ஒரே போர்வையைக் கிழித்துக் கூரைக்கு மெத்தை தைத்தாள். 'பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. படிச்சது காற்றுப் பொறியியல். பார்க்கிறது குருவிக்குக் கூரை போடுற வேலை. வெளங்கிரும்,' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் கோபமெல்லாம் வீட்டுக்காரர்கள் மேல்தான். இந்த அறை கிடைக்கும் முன் வாடகைக்கு வீடு கேட்டு அவள் ஏறாத படி இல்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அப்பா எந்தச் சுரங்கம்மா?" மேல்சுரங்கத்தில் பனிக்கட்டி வெட்டியவர்கள் ஒரு ரகம், கீழ்ச்சுரங்கத்தில் கழிவு அள்ளியவர்கள் வேறு ரகம். "கேக்குற வாயிலேயே போடணும்," என்று தெருவுக்கு வந்து கத்துவாள். உள்ளே இருக்கும்போது, "சுரங்க வேலைங்க," என்று மென்று முழுங்கிவிட்டு வந்திருப்பாள்.

காலையில் வந்த காதல் பறவை ஜோடி, அடுப்புப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சியது. "முட்டை சமைப்பீங்களோ?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். அதுவும் முட்டைப் பொடிதான்..."

"வாடை வருது," என்று கிளம்பிவிட்டது.

இப்போது தண்ணீர் குடித்து முடித்திருந்த ஜோடி தங்கராசுவும் ரோஸ்லினும். வளர்த்தவர்கள் வைத்த பெயர்கள். தங்கராசு பச்சை பட்ஜி கிளி. ரோஸ்லின் உள்ளங்கையில் அடங்கும் தினைக்குருவி.

"குச்சியெல்லாம் நீங்களே செதுக்குனதாக்கா?" என்றான் தங்கராசு. "கூரைக்கு மெத்தை வேறயா! ஏ ரோஸ்லின், ஒரு தடவ முட்டிப் பாரேன்."

ரோஸ்லின் விருட்டென்று மேலே போய் முட்டிவிட்டு வந்தாள். "வலிக்கல."

"முட்டை வாடை..." என்று மாரிச்செல்வி தயங்கினாள்.

"உங்க அடுப்பு, உங்க வயிறு. எங்களுக்குச் சம்மதம்க்கா."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வீடு நம் கையில் என்று தெரிந்துவிட்டால் மனித முதுகு தானாகக் கொஞ்சம் நிமிர்ந்துவிடும். மாரிச்செல்வி கட்டியிருந்த கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே இனம் இல்ல போலருக்கே?"

"லவ் மேரேஜ்க்கா."

"அய்யோ, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. பக்கத்து ரூம் கோகிலவாணி மேடம்தான் ஒரு மாதிரி பேசுவாங்க. கேட்டா அண்ணன் தங்கச்சின்னு சொல்லிருங்க."

கிளி குருவியைப் பார்த்தது. குருவி கிளியைப் பார்த்தது.

"சாயந்திரத்துக்கு மேல கெஸ்ட் வேண்டாம். அப்புறம், தப்பா நெனைக்காதீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான். நீங்க எந்தச் சுரங்கம்?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. குரல் அவளுடையது, இழுப்பு அத்தனை வீட்டுக்காரர்களுடையது.

"கீழ்ச்சுரங்கம்," என்றாள் ரோஸ்லின். "ஆளுங்க இறங்குறதுக்கு முந்தி எங்க அம்மாவைத்தான் இறக்குவாங்க, காத்து நல்லாருக்கான்னு பாக்க. கடைசித் தடவை நல்லால்ல."

"நான் அந்த அர்த்தத்துல கேக்கல..."

"நாங்களும் தப்பா எடுத்துக்கலக்கா," என்றான் தங்கராசு. "நீங்க நல்லவங்கதான். இதுவரைக்கும் நாங்க பார்த்த எல்லாருமே நல்லவங்கதான்."

ஜோடி வெளியேறியது. இரட்டைக் கதவு இரண்டும் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடிக்கொண்டன. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

மறுநாள் அதிகாரி வந்தபோது மாரிச்செல்வி பையைக் கட்டித் தோளில் மாட்டியிருந்தாள். அதிகாரியின் தோளிலோ தங்கராசுவும் ரோஸ்லினும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கூண்டு நல்ல தரம்," என்றார் அதிகாரி. "காலிக் கூண்டை எந்த ஜோடியும் கேக்கலாம். இவங்க கேட்டிருக்காங்க. கூண்டு இருக்கிற அறையும் இனி இவங்க பேர்லதான்."

"அப்ப நான்?"

"விடுதிக்கு. ஆனா இவங்களுக்கும் மூணாவது உயிர் ஒண்ணு தேவைப்படுது. நல்ல எடமா யாராவது கெடைச்சா..."

ரோஸ்லின் பறந்து வந்து தண்ணீர்க் கிண்ணத்தை அலகால் அவள் பக்கம் தள்ளினாள். "முதல்ல தண்ணி குடிங்கக்கா."

மாரிச்செல்வி குடித்தாள். வாயைத் துடைத்தாள். இருவரும் சிறகை மடித்துக்கொண்டு அதுவரை காத்திருந்தார்கள்.

"முட்டை?" என்றாள் ரோஸ்லின்.

"விட்டுர்றேன்."

"சாயந்திரம் கெஸ்ட்?"

"எனக்கு யாரு வரப் போறா."

"எந்தச் சுரங்கம்?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. கிண்ணத்தைப் பார்த்தாள்.

"கீழ்ச்சுரங்கம்." வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

"எங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா," என்றான் தங்கராசு. "அக்கம்பக்கத்துக் கூண்டுக்காரங்கதான், மனுசங்கன்னா ஒரு மாதிரி பேசுவாங்க. கேட்டா நாங்க வளர்க்குற ஆள்னு சொல்லிருங்க."

மாரிச்செல்வி பையைக் கீழே வைத்தாள். "படிச்ச ஆள்னு சொல்லிக்கலாமா?"

ரோஸ்லின் தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"வேண்டாம்க்கா. படிச்சதுன்னா ரொம்பப் பேசும்னு நெனச்சுக்குவாங்க."