குண்டூசி கழுவிய மைப்புட்டிகள்

"ஐயோ, பேனாவுல மை தீர்ந்துபோச்சு!"

அக்கா போட்ட சத்தத்தில் குண்டூசி ஓடிவந்தாள். ஆள் சின்னது, பேச்சு கூர்மை. அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

அக்கா பள்ளிகளுக்குச் சான்றிதழ் எழுதித் தருபவள். மேசையில் இருந்தது கடைசிச் சான்றிதழ். ஓட்டப்பந்தயத்தில் முதலிடம்! ஆனால் ஜெயித்த பெண்ணின் பெயர் பாதியில் நின்றது. வேறு தாளும் இல்லை.

"கொண்டா அந்த ப்ளூ பிளாக் மையை! பள்ளிக்கூடத்து வேன் வந்துடும்."

குண்டூசி அலமாரியைத் திறந்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு புட்டிகள் பளபளவென்று இருந்தன. எதிலும் லேபிள் இல்லை.

"லேபிள் எங்கேடி?"

"புட்டியெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சுக்கா. உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு நேத்து சோப்பு போட்டுக் கழுவினேன்..."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒண்ணு சாதா நீலம், ஒண்ணு ப்ளூ பிளாக். எப்படிடி கண்டுபிடிக்கிறது?"

"எழுதிப் பார்த்தா தெரிஞ்சுடாதா?"

குண்டூசி இரண்டு குச்சிகளை எடுத்தாள். ஒவ்வொரு மையிலும் ஒரு குச்சியைத் தொட்டு, புட்டிகள் இருந்த வரிசையிலேயே பழைய தாளில் இரண்டு கோடுகள் போட்டாள். இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே நீலமாக இருந்தன.

"இப்போ இப்படித்தான் இருக்கும். ப்ளூ பிளாக் நாளைக்குத்தான் நல்லா கறுக்கும். மாத்தி எழுதிட்டா, பாவம், அந்தப் பொண்ணு பேரு பாதி நீலம், பாதி கறுப்பா நிக்கும்" என்றாள் அக்கா.

குண்டூசிக்கு அழுகை வந்தது. ஓடி ஜெயித்தவளுக்கு இப்படி ஒரு பரிசா? கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

நேற்றுப் புட்டி கழுவும்போது பத்து விரலிலும் மை. நீலமெல்லாம் போய்விட்டது. கட்டைவிரலில் மட்டும் ஒரு கறுப்புத் தடம், குளித்தும் போகவில்லை!

"அக்கா! ஒரு மை தண்ணியில ஓடிடும். இன்னொண்ணு அடம்பிடிக்கும்!"

தாளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அதற்குள் கோடுகள் காய்ந்திருந்தன. குழாயைத் திறந்தாள். இடப்பக்கக் கோடு நீலமாகக் கரைந்து ஓடியது, தாள் வெளுத்துவிட்டது. வலப்பக்கக் கோட்டிலும் கொஞ்சம் நீலம் கழிந்தது. ஆனால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு நகராமல் நின்றது.

"இதுதான்! இதுதான்! வலப்பக்கப் புட்டி!" குண்டூசி ஈரக்கையோடு குதித்தாள்.

"அடி என் தங்கமே!" அக்கா பேனாவில் மை நிரப்பினாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதிப் பெயரை எழுதினாள். குண்டூசியும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் பள்ளியில் பரிசளிப்பு விழா. பரிசு வாங்கிய பெண் சான்றிதழைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். குண்டூசி கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தாள். பெயர் முழுக்க ஒரே நிறம்! அவள் தட்டிய கைதட்டல்தான் பெரிதாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா இரண்டு புது லேபிள்களையும் பேனாவையும் நீட்டினாள்.

"இந்தா, ரெண்டையும் நீயே எழுது."

"எந்த மையிலக்கா?"

"ப்ளூ பிளாக்லதான். நீ மறுபடியும் கழுவினாலும் எழுத்தாவது மிஞ்சும்!"