ஒன்பதாவது மாத்திரை

காலை 8.05.

"அத்தை, நான் கிளம்பறேன்" என்று வாசற்படியிலிருந்தே சொன்னாள் மருமகள். பதில் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனாள்.

தெருவே 'டீச்சர்' என்று கூப்பிடும் அவள் மாமியார், முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர், ஜன்னலோர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியைத் தொட்ட மருமகள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவ்வளவு சில்லென்று இருந்தது.

"அண்ணி! ஓடி வாங்க!"

டீச்சரின் மகள், முந்தின நாள் மாலைதான் வெளியூரிலிருந்து வந்தவள், ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அடுத்த நொடி மருமகளைப் பார்த்தாள். 

காலை 9.30. ஆஸ்பத்திரி.

"பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிடுச்சு" என்றார் டாக்டர். "தினம் ஒரு மாத்திரை போடறவங்களுக்கு இப்படி இறங்காது. பல மாத்திரை ஒரே நேரத்துல உள்ள போன மாதிரி இருக்கு. யார் மருந்து கொடுக்கறது?"

"இவதான்" என்றாள் நாத்தனார். "தம்பி கப்பல்ல இருக்கான். கேட்க ஆளில்லன்னு தைரியம். போலீஸைக் கூப்பிடுங்க டாக்டர்."

 மருமகள் ஒரு தையல் பட்டறையில் துணி வெட்டுபவள். ஒரு வாரமாகப் பள்ளிச் சீருடை ஆர்டர், சரியான தூக்கமில்லை. இன்று 6.45-க்கு அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கிச் சின்னக் கிண்ணத்தில் போட்டது நினைவிருக்கிறது. அப்போது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து மறுபடியும் பிதுக்கினாளா? எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் வெறும் இருட்டு.

ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்த அட்டையைக் கைப்பையில் திணித்திருந்தாள். எடுத்து எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

காலை 11.15. வீடு.

இன்ஸ்பெக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் மருமகளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாத்திரை அட்டை எங்கம்மா?"

மருமகள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வீட்டுல இல்ல. உங்க பையைத் திறங்க."

திறந்தாள். அட்டை எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா மேடம்! ஒளிச்சு வெச்சிருக்கா!"

"ஏன் எடுத்துட்டுப் போனீங்க?"

"பயம் மேடம்" என்றாள் மருமகள். "ரெண்டு போட்டுட்டேனோன்னு... எனக்கே தெரியல."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதினைந்து மாத்திரை அட்டை. பின்புறம், டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்தில், 'ஒன்றாம் தேதி ஆரம்பம்'. இன்று ஒன்பதாம் தேதி. அவர் விரல் ஓட்டை ஓட்டையாக நகர்ந்தது. ஏழு. எட்டு. மருமகள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ஒன்பது. மிச்சம் ஆறு. கணக்கு சரி."

மேஜை டிராயரிலிருந்த அடுத்த அட்டை பிரிக்கப்படவே இல்லை. மருந்துக்கடைக்குப் போன் செய்தார். டாக்டர் சீட்டுப்படி மாதம் இரண்டே அட்டை, அதற்கு மேல் கொடுத்ததில்லை என்றார்கள்.

 மருமகளின் நிம்மதி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அப்ப வேற ஏதோ விஷம்" என்றாள் நாத்தனார். "மாத்திரை சரியா இருந்தா, வேற எதையோ கலந்திருக்கா!"

இன்ஸ்பெக்டர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "நீங்க மாத்திரை கொடுத்தீங்களா?"

"அட்டையை நான் தொடவே இல்ல."

"அம்மா காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"வாழைப்பழம் மசிச்சு ஊட்டினேன். முந்தாநாள் கடைவாய்ப் பல் பிடுங்கினாங்க. இன்னிக்கு வாய் ரொம்ப வீங்கிடுச்சு, தண்ணி முழுங்கறதுக்கே கண் கலங்குது."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு, ஏழே கால்."

"ஏதாவது சொன்னாங்களா?"

"கசக்குதுன்னாங்க. சக்கரை போட்டேன்."

"பழம் கசக்குமா?"

நாத்தனாரின் பார்வை சமையலறைப் பக்கம் போனது.

இன்ஸ்பெக்டர் சமையலறைக்குள் போனார். பாத்திரம் கழுவும் தொட்டி அருகே இஞ்சி இடிக்கும் சின்ன உரல். அவசரமாக அலசி வைத்ததுபோல் இருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்ததை ஊசிமுனையால் சுரண்டி எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். செங்கல் நிறத்தில் மெல்லிய செதில்கள். பக்கத்தில் அட்டையிலிருந்து ஒரு மாத்திரை. இரண்டும் ஒரே நிறம்.

"இந்த உரல்ல மாத்திரையை இடிச்சது யாரு?"



"நான்தான்" என்றாள் நாத்தனார். "கிண்ணத்துல இவ வெச்ச மாத்திரைதான். ஒண்ணே ஒண்ணு. அம்மா முழுங்க முடியாம தவிச்சாங்க. பொடி பண்ணிப் பழத்துல கலந்தேன். அதுல என்ன தப்பு?"

"டாக்டர் சொன்னது சரி. கணக்கும் சரி. ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்னுதான் யோசிச்சேன்." இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஓட்டைகளுக்கு நடுவே எறும்பு ஊர்ந்தாற்போல் பொடி எழுத்து. "எல்லாரும் ஓட்டையைத்தான் எண்ணினோம். இதை யாரும் படிக்கல. 'நசுக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்கவும்.' இது ஒரு நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாக் கரையற மாத்திரை. இடிச்சா இருபத்துநாலு மணி நேரத்து மருந்தும் ஒரே மூச்சுல ரத்தத்துல இறங்கிடும். ஒரு மாத்திரைதான் போச்சு. ஆனா மொத்தமும் ஒரேயடியாப் போச்சு. முழுங்க முடியலன்னா டாக்டரைக் கேட்டிருக்கணும். வேற மாதிரி மருந்து எழுதிக் கொடுத்திருப்பார்."

நாத்தனார் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "நான்... நானே எங்கம்மாவை..."

"கொல்ல நினைச்சவங்க யாரும் இங்க இல்ல. அதை அப்படியே எழுதிக்கறேன்." இன்ஸ்பெக்டர் டாக்டருக்குப் போன் செய்து, விவரத்தை ஒன்றுவிடாமல் சொன்னார்.

பிற்பகல் 1.20. மருமகளின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். எடுக்கக் கை வரவில்லை. மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"கண் திறந்துட்டாங்க. பிரஷர் ஏறுது. ராத்திரி வரைக்கும் பக்கத்துலயே வெச்சுப் பாக்கணும். ஆனா பொழைச்சுக்குவாங்க."

இன்ஸ்பெக்டரின் ஜீப் கிளம்பிப் போன பிறகு, தரையில் இருந்தபடியே நாத்தனார் கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடுவியா?"

மருமகள் நாத்தனாரைக் குனிந்து பார்த்தாள். விஷம் வைத்தவள் என்று ஊர் கேட்கச் சொன்ன வாய் இது.

"சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு வேற யாராவது பாசத்துல இடிச்சுக் கொடுத்துடக் கூடாது" என்றாள். "ஆனா நான் சொல்ல மாட்டேன் அண்ணி. நீங்கதான் சொல்லணும். என்னைப் பத்தி என்னென்ன சொன்னீங்களோ, அதையும் சேர்த்து."

நாத்தனார் தலையை ஆட்டினாள். மருமகள் கதவைப் பூட்ட, இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள்.