இடப்பக்க இருக்கை

டெல்லி சிவில் லைன்ஸில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கவே வள்ளியம்மைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கும் ஜனவரிப் பனி விலகவில்லை. செல்வராஜ் ஸ்கூட்டரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்.

"நான் இங்கயே இருக்கேன். உள்ள வந்தா அளக்கற டேப்பைப் பிடின்னு சொல்லுவ."

லீவு போட்டுவிட்டு ஆர்.கே.புரத்திலிருந்து மனைவியைக் கொண்டுவந்து விட்ட மனுஷன். இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் நன்றாகவே தேறியிருந்தார்.

நூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு அது. இயந்திரம் செய்த பொருள் எதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று பிடிவாதம் பிடித்த கூட்டத்தைச் சேர்ந்தவராம். ஓட்டுக் கூரை கை எட்டும் உயரத்துக்குச் சரிந்து இறங்கியது. உள்ளே ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. தேக்கு உத்தரங்களை மரமுளை அடித்தே பூட்டியிருந்தார்கள். தாழ்ப்பாளில் கொல்லனின் சுத்தியல் பட்ட பள்ளங்கள் அப்படியே தெரிந்தன. நகர்த்தக்கூடிய நாற்காலி ஒன்றுகூட இல்லை. எல்லாம் சுவரோடு சேர்ந்தே இருந்தன.

அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள். அதற்குள் வீட்டை அளந்து வரைந்து கொடுப்பது வள்ளியம்மையின் வேலை.

கூடத்துச் சுவரின் நடுவே கணப்பு. குளிர்காய்வதற்கென்றே சுவரைக் குடைந்து செய்த மாடம், இரண்டு பக்கமும் மர இருக்கைகள். வலப்பக்க இருக்கையில் ஒரு கறை இருந்தது. தோள், முதுகு, தொடை என்று உட்கார்ந்த மனிதனின் வடிவம். அதன் காலடியில் சுருண்டு படுத்த நாயின் வடிவில் இன்னொரு கறை. பழைய எண்ணெய்ப் பிசுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஈர நாயின் வாடை அடித்தது. அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இடப்பக்க இருக்கை சுத்தமாக இருந்தது.

கட்டடம் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம். உயரம் புரிவதற்காகப் படத்தில் ஓர் ஆளையும் போட்டுவைப்பார்கள். வள்ளியம்மை எப்போதும் செல்வராஜைத்தான் போடுவாள், தொப்பையோடு. டெல்லியில் அவர் காகிதத்தில் நிற்காத கோட்டையோ கல்லறையோ பாக்கி இல்லை. அன்றும் பென்சில் தானாகப் போயிற்று. அவரை இடப்பக்க இருக்கையில் உட்காரவைத்து, இடது கையைக் கைப்பிடிமேல் வைத்தாள்.

டக். டக்.

எங்கோ மரமுளை இறக்கும் சத்தம்.

"கோன் ஹை? யாரு அங்க?" என்றாள். தலையை நிமிர்த்தியபோதுதான் கணப்பின்மேல் தொங்கிய சட்டம் கண்ணில் பட்டது. புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். கட்டியவர் வரைந்த மூலப்படம். வலப்பக்க இருக்கையில் ஒரு மனிதன், காலடியில் ஒரு நாய். இடப்பக்கம் காலி. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: இந்த வீட்டில் வரைந்ததெல்லாம் இருக்கும். வரையாத எதுவும் இராது.

"வள்ளி."

திரும்பினாள்.

செல்வராஜ் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பங்க உள்ள வந்தீங்க?"

"தெரியல. ஸ்கூட்டர் மேலதான் இருந்தேன்."

"எந்திரிங்க."

"முடியல, வள்ளி."

கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவர் கழுத்தில் மெல்லிய வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. தேக்குப் பலகையில் ஓடுமே, அதே வரிகள்.

டக். டக். இப்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஜல்தி..." என்றார். உதடு அசையவில்லை.

ரப்பரை எடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். வரையாத எதுவும் இராது. அழித்துவிட்டால் இந்த மனுஷன் எங்கே இருப்பார்? காகிதத்தின் ஓரத்தில் அவசரமாக ஒரு கேட் வரைந்தாள். ஸ்கூட்டர் வரைந்தாள். அதன்மேல் அவரை உட்காரவைத்தாள், தொப்பையை மறக்கவில்லை. பிறகு இருக்கையில் இருந்தவரை அழித்தாள். கால், தொப்பை, தோள். முகத்தின்மேல் ரப்பரை வைக்கும்போது வாய்விட்டு அழுதாள்.

இருக்கை காலி.

சத்தமே இல்லை.

அப்புறம், கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரின் ஹாரன் அடித்தது. வள்ளியம்மை ஓடினாள். அவள் வாசலைத் தாண்டியதும் தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

"என்னம்மா, பேயைப் பார்த்த மாதிரி வர்ற?" என்றார் செல்வராஜ். அவருக்கு எதுவும் நினைவில்லை. வழியெல்லாம் ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். "பாழாப்போன குளிரு. இடது கை விரல்ல உணர்வே இல்ல."

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை விரித்தாள். அவசரத்தில் கொஞ்சம் அழிக்காமல் விட்டுப்போயிருந்தது. இருக்கையின் கைப்பிடிமேல் நான்கு விரல்கள். ரப்பரால் தேய்த்தாள். ரப்பர் உதிர்ந்தது, காகிதம் மெலிந்தது, கோடு மட்டும் போகவில்லை. சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

காலையில் பிரித்துப் பார்த்தபோது மணிக்கட்டுவரை வளர்ந்திருந்தது. அவள் போடாத சட்டைப் பொத்தான்கூட இருந்தது.

முன்னறையில் காபி டம்ளர் விழுந்து உருண்டது. ஓடிப்போனாள். செல்வராஜ் தன் இடது கையையே வெறித்தபடி, விரல்களால் மேஜையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டக். டக்.

மரத்தில் மரம் படும் சத்தம்.