தெளிந்த தொட்டியோரம் நான்கு ஆடுகள்

காலை ஆறு ஐம்பது. பொங்கலூருக்கு மேற்கே ஒரு சாயப்பட்டறையின் பின்புறம், திறந்த தொட்டியோரம், அங்கே வேலை செய்யும் முத்தாயியின் நான்கு ஆடுகளும் செத்துக் கிடந்தன. தொட்டித் தண்ணீர் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

ஏழரைக்கு சப் இன்ஸ்பெக்டர் கீர்த்தனா வந்தபோது, ஷிஃப்டுக்கு வந்த அறுபது பேரும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே நின்றார்கள்.

"ஆறு மணிக்கு வேலைக்குப் போறப்ப இங்க கட்டிட்டுப் போனேனுங்க," என்றாள் முத்தாயி. "காஞ்ச கடலைக்கொடிதான் போட்டேன். டீ குடிக்க வந்து பார்த்தா இப்பிடிக் கெடக்குது. இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் செத்திருக்குதுங்க."

அந்தத் தண்ணீர் நேற்றுவரை சிவப்புச் சாயக்கழிவு. முருங்கை விதைத் தூளைக் கலக்கிச் சாயத்தை அடியில் படியவைத்து, கொட்டாங்குச்சிக் கரியில் வடித்து அதைத் தெளியவைத்தவள் சண்முகப்பிரியா. பட்டறையின் லேப் பொறுப்பு அவளுடையது. பதினோரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பட்டறையை மூடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"தூள் ஏதாவது மாத்துனீங்களா?" கீர்த்தனா கேட்டாள்.

"நேத்து புது மூட்டை பிரிச்சேனுங்க." சண்முகப்பிரியாவின் முகம் வெளிறியிருந்தது. "எனக்கே ஒண்ணும் புரியலீங்க."

கீர்த்தனாவுக்கும் புரியவில்லை. சோதனைக்காகத் தொட்டியில் விட்டிருந்த ஜிலேபி மீன்கள் அப்போதும் நீந்திக்கொண்டிருந்தன. மீன் பிழைத்த தண்ணீரில் ஆடு எப்படிச் சாகும்?

எட்டேகால். பக்கத்துக் காட்டுக்காரர் அங்கமுத்து கையில் அரிவாளோடு வேலியோரம் வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும்.

"ஆறேகால் இருக்குமுங்க. மாட்டுக்குப் பசுந்தீனி அறுத்துட்டு இருந்தேன். நாலும் தொட்டியில வாய் வச்சுக் குடிச்சுதுங்க. நானே பார்த்தேன்."

"வெரட்டி விடலீங்களா?" என்றாள் கீர்த்தனா.

"நல்ல தண்ணின்னுதானுங்களே சொல்றாங்க."

அவருக்குப் பின்னால் இரண்டு மாடுகள் வைக்கோலை மென்றுகொண்டிருந்தன. காட்டில் அறுவடை முடிந்து நின்ற சோளக்கட்டைகள், போன வாரம் பெய்த தூறலுக்குத் துளிர்விட்டிருந்தன. அந்த வட்டாரத்தில் வேறு பச்சையே கண்ணில் படவில்லை.

ஒன்பதரை. கால்நடை மருத்துவர் ஆரோக்கியராஜ் ஓர் ஆட்டை அறுத்துப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர்.

"ரத்தம் இவ்வளவு செவப்பா இருக்கக் கூடாது மேடம்." இரைப்பையிலிருந்து எடுத்ததை ஒரு பாட்டிலில் போட்டு, மஞ்சள் சோதனைத் தாள் ஒன்றை உள்ளே தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது செங்கல் நிறமானது. "சயனைடு. தொட்டித் தண்ணியிலயும் பாத்துட்டேன், தாள் அப்படியேதான் இருக்கு."

தண்ணீரில் இல்லையென்றால் லேபிலிருந்துதான் வந்திருக்கும் என்று எல்லாக் கண்களும் சண்முகப்பிரியா மேல் திரும்பின.

"எங்க லேப்ல அது கெடையவே கெடையாதுங்க," என்றாள். அவளை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கீர்த்தனா பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். உள்ளே இருந்த கூழ் பச்சையாக இருந்தது. முத்தாயி போட்டதோ காய்ந்த கொடி. கீர்த்தனா பாட்டிலோடு வேலியைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் நடந்தாள்.

பத்து இருபது. அங்கமுத்துவை அவள் தொட்டியோரம் அழைத்து வந்தாள்.

"காலையில அறுத்த பசுந்தீனி எங்கீங்க?"

"மாட்டுக்குப் போட்டுட்டேன்."

"உங்க காட்டுல பச்சைன்னு இருக்கறது கட்டையில துளிர்த்த சோளக்குருத்து மட்டுந்தான். வேலி மூலையில ஒரு கட்டு அளவுக்குப் புதுசா அறுத்திருக்குது. நானும் குண்டடத்துல மாடு கட்டுற ஊட்டுல பொறந்தவதானுங்க. வறண்ட காட்டுல துளிர்க்கற குருத்துல அந்த வெசம் ஏறி நிக்கும். மாட்டுக்குப் போட்டிருந்தா இந்நேரம் உங்க மாடும் இப்பிடித்தான் கெடந்திருக்கும். அதுக வைக்கோல் தின்னுட்டு நிக்குது. அப்ப அறுத்தது ஆரு வயித்துக்குப் போச்சுங்க?"

அங்கமுத்து வேலி மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க போட்டுட்டு, மிச்சத்தப் பொறுக்கிட்டுப் போயிட்டீங்க. தண்ணி மேல பழி விழட்டும்னு."

"அண்ணா," என்றாள் முத்தாயி. "நாலு உசுருங்க. நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

அவளை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அரிவாளைக் கீழே வைத்தார்.

"நீ ஒண்ணும் பண்ணல, கண்ணு. இருவது வருசமா என்ற கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியல. அப்ப செவப்பா வந்துச்சு, ஆப்பீசருகளைக் கூட்டிவந்து காட்டினேன். இனி நெறமில்லாம வரும். நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. அப்பறம் ஆருகிட்டக் காட்டுறது? சாயத்தோட சேர்த்துக் கொட்டுற உப்பை எந்த வெதை எடுக்குமுங்க?"

கீர்த்தனா சண்முகப்பிரியாவைப் பார்த்தாள்.

"எடுக்காதுங்க," என்றாள் அவள் மெதுவாக. "சாயத்தை மட்டுந்தான் எடுக்கும். உப்பு அப்பிடியேதான் இருக்குது."

"அதிகாரிகளுக்குக் குடுக்கற ரிப்போர்ட்டுல எழுதியிருக்குதுங்களா?"

"முதலாளி நெறத்தைப் பத்தி மட்டும் எழுதச் சொன்னாருங்க."

குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனாலும் கீர்த்தனாவுக்குக் காலையில் இருந்த குழப்பம் இன்னும் கூடியிருந்தது. அங்கமுத்துவை ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினாள். முத்தாயி ஆடுகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜீப் கிளம்பும்போது சண்முகப்பிரியா ஓடி வந்து ஜன்னலருகே நின்றாள். அவள் கையில் ஒரு காலி பாட்டில்.

"உங்க கெணத்துத் தண்ணி கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா? பதினோரு மணிக்கு அவங்க வந்ததும் இந்தத் தொட்டித் தண்ணியோட வச்சுக் காட்டுறேன். உப்பையும் சேர்த்து எழுதித் தர்றேன்."

இவளை நம்புவதா வேண்டாமா என்று அங்கமுத்துவுக்குத் தெரியவில்லை.

"மோட்டார் சுவிட்ச் கெணத்தோரக் கொட்டாய்க்குள்ள இருக்குதுங்க," என்றார் கடைசியில். "மொதல்ல வர்ற தண்ணிய விட்டுட்டுப் புடிங்க."