முதுகு வரையாத கடைவீதி

அசீமின் கடையில் இன்றும் விளக்கு எரிந்தது.

நுஸைபா போனை முகத்தருகே கொண்டுவந்து மறுபடி பார்த்தாள். அஸர் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்து, திண்டுக்கல் ரோட்டு பஸ்களின் ஹாரன் மட்டும் அந்த விளாங்குடி வீட்டின் சாத்திய ஜன்னலைத் தாண்டி வந்துகொண்டிருந்த மாலையில், திரைக்குள் இருந்த சின்னக் கடைவீதியில், அத்தர்க் கடைக்கார உருவம் வழக்கம்போல வாசலில் தண்ணீர் தெளித்தது. அந்த உருவத்தை வைத்து விளையாடிய அசீம், அவள் கணவன், மாரடைப்பில் இறந்துவிட்டான். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா காலம் முடியும்வரை அவள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

விளக்கு நேற்றே அணைந்திருக்க வேண்டும்.

அந்த விளையாட்டு அவள் வேலை பார்க்கும் ஆபீசில் உருவானது. விளையாடக் காசு கிடையாது. பிறகு ஆபீஸ் எப்படி ஓடுகிறது என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டால் அவள் உற்சாகமாகிவிடுவாள். "முதல்ல எல்லாத்தையும் கேக்காமலே குடுத்துரணும். கடை, சரக்கு, விளக்கு. என் கடைன்னு மனசுல ஊறின பிறகு எண்ணெய் மெல்லத் தீரணும். காத்திருந்தா தானா நிரம்பிரும். காத்திருக்க முடியாதவங்க காசு கொடுப்பாங்க. நாம விக்கிறது எண்ணெய் இல்ல, காத்திருக்காம இருக்கிறதை." நூறு பேரில் ஒருவரோ இருவரோ கொடுத்தால் போதும். சும்மா விளையாடுகிறவர்களால் நட்டமில்லை, அவர்கள்தான் கூட்டம். ஆளில்லாத வீதியில் காசு போட்டுப் பெரிய கடை கட்டி யாரிடம் காட்டுவது? அதனால், ஒருவர் விளையாட்டை விட்டுப் போனாலும் அவர் இடத்தில், விளையாட்டே இயக்கும் ஒரு நிழல் நிற்கும். அவர் வரும் நேரத்துக்கு வரும், அவர் பேசிய சொற்களையே பேசும். நிழல் அவளுடைய யோசனை. செலவைக் குறைக்க உருவங்களுக்கு முன்பக்கம் மட்டும் வரைந்தால் போதும் என்றதும் அவள்தான். எல்லாரும் வீதியைப் பார்த்தே நிற்கும்போது முதுகு எதற்கு?

அசீமை அடக்கம் செய்த மறுநாள் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "நுசை, எண்ணெய் இருக்கா?"

அவளை அப்படிக் கூப்பிட்டது அவன் ஒருவன்தான். பழைய அரட்டையிலிருந்து நிழல் பொறுக்கிய சொல் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே வாங்கினாள், அதுவரை எந்த விளையாட்டுக்கும் காசு கொடுக்காதவள். பிறகு தினமும். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. விளக்கு மங்கும்போது மட்டும் கட்டைவிரல் அசைந்தது.

"அண்ணன் மவுத்தாயிட்டாரு மதினி," என்றாள் அசீமின் தங்கை சபிஹா நேற்று. "அந்தப் பொம்மைக்கு இன்னும் எம்புட்டு எண்ணெய் ஊத்துவீங்க? அதை அனுப்பி வைங்க. நீங்களும் எங்களுக்கு வேணும்." அதற்காகத்தான் நிழலை நிறுத்தச் சொல்லி ஆபீசில் இருக்கும் ஜோவிடம் நுஸைபா சொல்லியிருந்தாள்.

இப்போது மறுபடி கூப்பிட்டாள். "ஜோ, நிழலை நிப்பாட்டலையா?"

"நேத்தே நிப்பாட்டியாச்சுக்கா. அவரு கணக்கையே அழிச்சிட்டேன்."

"கடை தெரியுதே."

"நானும் இப்ப கேம்ல அந்த வீதியிலதான் நிக்கிறேன். அங்க வெத்து இடம்க்கா. பக்கத்துக் கடைக்காரரு ஆடு மேய விட்டிருக்காரு." சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அக்கா, சாப்ட்டீங்களா?"

அவள் போனை வைத்தாள்.

"பால் வாங்கிட்டு வாரேன் மதினி," என்று சபிஹா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். கேட் கிரீச்சிட்டு மூடியது. கதவருகே ஆணியில் தொங்கிய, இன்னும் துவைக்காத அசீமின் சட்டையிலிருந்து வியர்வையும் அத்தரும் கலந்த வாடை மெல்லப் பரவி, கட்டில்வரை வந்து, அவள் மூக்கருகே நின்றது. அதோடு இன்னொன்றும். தண்ணீர் தெளித்த சிமெண்டின் மணம்.

"நுசை, எண்ணெய் இருக்கா?"

வாங்க மாட்டேன், அணையட்டும் என்று நினைத்தாள். போகட்டும்.

சுடர் சிறுத்தது. உருவம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தது. திரும்பியது.

முதுகு.

யாரும் வரையாத முதுகு. நீலக் கோடு போட்ட சட்டை. இடது தோளுக்குக் கீழே, பெருநாள் காலை அவசரத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சுட்ட பழுப்புத் தடம்.

அவன் கடைக்குள் பார்த்தான். அங்கே அத்தர் புட்டிகள் இல்லை. ஒரு அறை. சாத்திய ஜன்னல். கட்டிலில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி, போனைப் பார்த்துக் குனிந்தபடி.

கதவருகே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அவள் நிமிரவில்லை.

சுடர் இன்னும் சிறுத்தது. திரையில் அவன் ஓரடி வைத்தான். அறையில், சிமெண்டுத் தரையில், ஈரக்கால் பதியும் சத்தம்.

கட்டைவிரல் எண்ணெய் வாங்கும் பொத்தானை அமுக்கியது. சுடர் எழுந்தது. அவன் நின்றான்.

ஊரெல்லாம் காத்திருக்காமல் இருக்கக் காசு கொடுத்தது. அவள் கொடுத்தது, அவன் காத்திருக்க.

சுடர் மறுபடி இறங்கியது, முன்பைவிட வேகமாக. இன்னோர் அடி. அமுக்கினாள். இன்னோர் அடி. அமுக்கினாள். திரையில், குனிந்த தலைக்குச் சற்று மேலே, நீட்டிய கை அசையாமல் நின்றது. அதன் விரல் நுனியில் ஒரு துளி திரண்டது.

போன் கண்ணாடிமேல் சொட்டென்று தண்ணீர் விழுந்தது.