மூடிக்குள்ளே அந்தோனியார்!

போன் அலறியது.

காருக்கு அடியில் கிடந்த மரியநாயகம், கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஹட்டனிலிருந்து டிக்கோயா போகிற வழியில், ஒரே ஒரு வண்டி நிற்கக்கூடிய கராஜ். ஆனால் அந்தக் கராஜுக்குப் பதுளையிலிருந்துகூட ஆள் வரும்.

காரணம் இருந்தது.

புது மொடல் காருக்குள் பழைய எஞ்சினை இறக்கி, வயரிங் முரண்டு பிடிக்காமல் ஓட வைக்கிற கை மலைநாட்டிலேயே அவருக்கு மட்டும்தான் என்று பேர்.

"ஹலோ..."

"பாஸ்! வலப்பனை ஜெயகாந்தன் பேசுறேன். என் வண்டி ஸ்டார்ட் ஆச்சா இல்லியா?"

"இப்பத்தான் முதலாளி, சாவியப் போடப் போறேன்..."

"ஒரு வாரமா இதையேதான் சொல்றீங்க! பகல் ஒரு மணிக்கு அங்க நிப்பேன். வண்டி ரெடியா இல்ல... நடக்கிறதே வேற!"

டொக்!

நல்ல மனுஷன். வணக்கம் சொல்லக்கூட நேரமில்லாத அளவுக்கு வியாபாரம்.

வெள்ளைக் கார். 2016 மொடல். அதன் சொந்த எஞ்சின் தண்ணீர் வற்றி வெந்துபோயிருந்தது. வாகன இறக்குமதியே நின்றுபோன காலத்தில் மாற்று எஞ்சினுக்கு எங்கே போவது? ஜெயகாந்தன் எப்படியோ ஒன்றைத் தேடிப் பிடித்து, லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார். காரைவிடப் பதினெட்டு வயது மூத்த எஞ்சின்!

ஒன்றுதான் இடித்தது. எஞ்சின் நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம் பாஸ். மொதல்ல மாட்டுங்க" என்றிருந்தார் ஜெயகாந்தன்.

மரியநாயகமும் மாட்டினார். பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தார். தப்பு!

சாவியைத் திருகினார்.

பழைய எஞ்சின் ஒரு தடவை செருமியது. பிறகு உயிர் பிடித்தது.

ஆனால்...

சர்... சர்... சர்...

என்ன சத்தம் இது? முன்பக்கத்திலிருந்து வருகிறதே! டைமிங் பெல்ட்டில் ஏதோ உரசுகிறது!

எஞ்சினை நிறுத்தினார். பெல்ட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ... மாதாவே!"

அவருடைய அலறலில் கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த காகம் பறந்து போனது.

மூடியின் உள்பக்கம் ஒரு சின்னப் பதக்கம். பசை விட்டுப்போய், ஒரு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டை உரசியது அதுதான்.

அந்தோனியார்! காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோனியார்!

பதக்கத்தைப் பிய்த்துப் பின்பக்கம் பார்த்தார். ஆணியால் கீறிய எழுத்துகள். ஏ. யோ.

ஏஞ்சலா. யோகேஸ்வரன்.

கீறியது வேறு யாருமில்லை. அவரேதான்.

*

ஏஞ்சலா அவருடைய ஒரே மகள். ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை. டயகமையைச் சேர்ந்த, வாடகைக்கு ஓடும் ஹயர் கார் டிரைவர் யோகேஸ்வரனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அவன் முருகன் கோயில், இவர்கள் மாதா கோயில். மரியநாயகம் ஒரு வருஷம் மருமகனோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் அவன் கார் மலையேற முடியாமல் இந்தக் கராஜுக்கு வந்தது. எஞ்சினை முழுசாகப் பிரித்துச் செய்து கொடுத்தார். செத்துப்போன மனைவியின் செபமாலையிலிருந்த பதக்கத்தைக் கழற்றி, மூடிக்குள் ஒட்டினார். மகளிடமும் சொல்லவில்லை, மருமகனிடமும் சொல்லவில்லை. பேசத் தெரியாத அப்பன்மார் இப்படித்தான் சமாதானமாகிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன், சிவனொளிபாதமலை சீசன். மருமகன் யோகு யாத்திரை ஆட்களை மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரில் இறக்கிவிட்டான்.

அதோடு சரி. ஆளும் வரவில்லை. காரும் வரவில்லை.

பொலிஸ் தேடியது. ஏஞ்சலா தேடினாள். கடைசியில் கராஜில் முன்பு வேலை செய்த பழனியாண்டிதான் கோர்ட்டில் சாட்சி சொன்னான்: "யோகேஸ்வரன கொழும்பில ஒரு பொண்ணோட பாத்தேன்."

விட்டுவிட்டு ஓடியவன் என்று விவாகரத்து ஆனது.

நாளைக் காலை பத்து மணிக்கு ஏஞ்சலாவுக்கும் அதே பழனியாண்டிக்கும் ரெஜிஸ்டர் கல்யாணம்!

மரியநாயகம் பதக்கத்தையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். யோகு உயிரோடு இருந்தால் இந்த எஞ்சினை விற்றிருப்பானா? அதுவும் நம்பரைத் தேய்த்து?

அப்படியானால் அவன் ஓடிப்போகவில்லை. அவனை யாரோ...

உண்மை தெரியாமல் பிள்ளை நாளைக்குக் கையெழுத்துப் போடக்கூடாது. பத்து மணிக்குள் தெரிந்தாக வேண்டும்.

யார்? அந்த வலப்பனை ஜெயகாந்தனா? நம்பரைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினானே!

அவன் தப்பி ஓடக்கூடாது. மரியநாயகம் பியூஸ் பெட்டியைத் திறந்து, பெற்றோல் பம்ப்பின் ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். மூடியைப் பழையபடி மாட்டினார். உடனே போனை எடுத்து, அந்த நேரத்தில் நம்பக்கூடிய ஒரே ஆளைக் கூப்பிட்டார்.

"தம்பி பழனி... ஒடனே வா. யோகுவோட எஞ்சின் என் கராஜில இருக்குப்பா!"

மறுபக்கம் குரல் தாழ்ந்தது.

"...வாறேன் மாமா. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க!"

*

பழனியாண்டி பத்தே நிமிஷத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முப்பத்தைந்து வயது. இதே கராஜில் கையாளாக வேலை செய்தவன். எஞ்சினை இறக்கப் படித்தான், பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லை. இப்போது பழைய உதிரிப்பாக புரோக்கர்.

உள்ளே வரும்போதே குனிந்து, கீழே கிடந்த வளைந்த போல்ட்டைப் பொறுக்கிக்கொண்டான்.

"இத வீசிறாதீங்க மாமா. ஒரு நாளைக்கு உதவும்."

அது அவன் பழக்கம். செத்த பட்டரி, பிஸ்கட் பெட்டி, அறுந்த செருப்பு... எதையும் வீசமாட்டான். ஒன்றையும் வீசாதவன் என் மகளையும் வீசமாட்டான் என்றுதான் மரியநாயகமே சம்மதித்திருந்தார்.

"எப்டி மாமா யோகு எஞ்சின்னு சொல்றீங்க? நம்பர்தான் இல்லியே!"

"நம்பர் எதுக்கு? இந்தா பாரு. நானே ஒட்டின மெடல்."

பழனியாண்டியின் முகம் வெளுத்தது.

"இது... இது எங்க இருந்திச்சு?"

"மூடிக்கு உள்ள. யாருக்கும் தெரியாது. பொலிஸுக்குப் போன் பண்ணப் போறேன் தம்பி."

"பைத்தியமா மாமா? களவு எஞ்சின மாட்டினது நீங்க! மொதல்ல உங்களத்தான் உள்ள தள்ளுவாங்க. நாளைக்கு ரெஜிஸ்டர வச்சுக்கிட்டு இந்தப் பிரச்சின நமக்குத் தேவையா? மெடல என்கிட்ட குடுங்க."

கையை நீட்டினான்.

மரியநாயகம் விரல்களை இறுக மூடிக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"சரி, நீங்களே வச்சுக்கங்க. அந்த வலப்பனைக்காரன நான் ரோட்டுலயே மறிச்சுக் கேக்குறேன். நீங்க அவன்கூட ஒரு வார்த்த பேசக்கூடாது!"

"ஏன் பேசக்கூடாது?"

கேட்டது மரியநாயகம் இல்லை. கராஜ் வாசலில், கையில் சாப்பாட்டுப் பார்சலோடு ஏஞ்சலா நின்றாள்! அவளுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெயகாந்தன் இறங்கினார். ஒரு மணி என்றவர், பன்னிரண்டரைக்கே!

"என்னா பாஸ், வண்டி ரெடியா?"

"முதலாளி... இந்த எஞ்சின் உங்களுக்கு எப்டி வந்திச்சு?"

"என்னா கேள்வி இது? நான் களவெடுத்தேங்கிறீங்களா?"

"இது என் மருமகனோட எஞ்சின். ரெண்டு வருஷமா ஆளைக் காணோம்!"

ஏஞ்சலாவின் கையிலிருந்த பார்சல் கீழே விழுந்தது.

ஜெயகாந்தனின் சத்தம் முழுக்க அடங்கிப்போனது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ பாஸ்! எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்குங்க... சத்தியமா தெரியாது! பேஸ்புக்ல விளம்பரம் பாத்தேன். போன்லதான் பேசினேன். சிங்களத்துல பேசினான், பேரு சுனில்னான். மரக்கறி லொறில எஞ்சின் வந்திச்சு. மூஞ்சியக்கூட நான் பாக்கலீங்க! இந்தா பாருங்க... அவன் நம்பர்!"

"நம்பர என்கிட்ட குடுங்க!" பழனியாண்டி பாய்ந்தான். "எனக்கு ஆளுங்க இருக்காங்க. நான் விசாரிக்கிறேன்."

ஜெயகாந்தன் நீட்டிய போனை ஏஞ்சலா ஒரு தடவைதான் பார்த்தாள். பாமசியில் நாள் முழுக்க மருந்துச் சீட்டு படிக்கிற கண். தன் போனை எடுத்து, பேசாமல் இலக்கங்களைத் தட்டினாள்.

ஒரு வினாடி.

இரண்டு வினாடி.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

சத்தம் கராஜுக்குள்ளேயே கேட்டது.

பழனியாண்டியின் காற்சட்டைப் பையிலிருந்து!

"யாரோ... ராங் நம்பர் ஏஞ்சலா..." பையைக் கையால் அமுக்கிக்கொண்டான்.

ஏஞ்சலா போனை வெட்டினாள். பையில் சத்தம் நின்றது.

மறுபடி அழுத்தினாள்.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

"எடுத்துப் பேசுங்க பழனி" என்றாள். "நான்தான்."

*

அடுத்த நொடி மரியநாயகம் சுவரில் போய் மோதினார்! அவரைத் தள்ளிய பழனியாண்டி காருக்குள் பாய்ந்தான். கதவைப் பூட்டினான். சாவி அதிலேயே இருந்தது. திருகினான்.

கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்...

எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை.

மறுபடி. கிர்ர்ர்... கிர்ர்ர்...

மரியநாயகம் முழங்கையைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தார். பையிலிருந்து ரிலேயை எடுத்து, கண்ணாடிக்கு வெளியே தூக்கிக் காட்டினார்.

"இது இல்லாம பெற்றோல் வராது தம்பி. உன்கிட்ட எத்தன தடவ படிச்சுக் குடுத்தேன்? மொதல்ல ரிலேயப் பாருன்னு!"

வேறொருவனுக்கு வைத்த பொறி. சரியான ஆளே வந்து விழுந்திருந்தான்.

ஜெயகாந்தன் சுத்தியலை எடுத்தார். தன் காரின் கண்ணாடியைத் தானே உடைத்தார். பழனியாண்டியின் சட்டைக் கொலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"மூணு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கவன, கொலகாரனாக்கப் பாத்தியாடா!"

பொலிஸ் வந்தது. இருட்டுவதற்கு முன்பே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

ஏஞ்சலாவை அவன் பல வருஷமாகவே மனதில் வைத்திருந்தான். நல்லதண்ணியில் யோகுவின் காரில் லிப்ட் கேட்டு ஏறினான். ஆளில்லாத வளைவில் நிறுத்தச் சொல்லி, ஜாக்கி கம்பியால் பின்மண்டையில் ஒரு அடி. மூடிக் கிடந்த ஒரு பழைய தேயிலை ஸ்டோருக்குள் காரை ஒளித்து வைத்தான். பிறகு காரோடு ஆளையும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தள்ளிவிட்டான்.

*

மறுநாள் காலை, பத்து மணி. ரெஜிஸ்டர் நேரம்.

ஏஞ்சலா நீர்த்தேக்கத்துக் கரையில் நின்றாள். கிரேன் சங்கிலி முனகியது. சேறு வழிய வழிய ஒரு கார் மேலே வந்தது. முன்சீட்டில் இருந்ததைப் பார்க்க விடாமல் மரியநாயகம் மகளின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

பொலிஸ்காரர் ஒருவர் பொனெட்டைத் திறந்தார்.

உள்ளே வெறுமை. எஞ்சின் இல்லை!

இன்ஸ்பெக்டர் ரத்நாயக்க, விலங்கோடு நின்ற பழனியாண்டியின் பக்கம் திரும்பினார். ஹட்டனில் பதினைந்து வருஷம் இருந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அப்டியே தள்ளியிருந்தா எங்களுக்கு ஒண்ணுமே கெடச்சிருக்காது. எதுக்கு மெனக்கெட்டு எஞ்சினக் கழட்டின?"

பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல எஞ்சின் சார். மாமா கை வச்சது... வீச மனசு வரல."

ஏஞ்சலா நிமிர்ந்தாள்.

"எஞ்சின வீச மனசு வரல. அவர வீச மனசு வந்திச்சா?"

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷமாக யார் முன்னாலும் அழாதவள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று பாமசிக்கு வருகிறவர்கள் காதுபடப் பேசியபோதும் மருந்தை எண்ணிக் கொடுத்தவள். இப்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா... அவரு என்னய விட்டுட்டுப் போகலப்பா! அவரு போகவே இல்லப்பா!"

கதறி அழுதாள். மரியநாயகம் அந்தோனியார் பதக்கத்தை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். அது சாட்சிப் பொருள்தான். இன்ஸ்பெக்டர் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்துக்கொண்டார்.

"சார்..." பின்னால் ஜெயகாந்தன் தலையைச் சொறிந்தார். "என் காரு?"

"அதுவும் கோர்ட்டுக்குத்தான். பஸ்ஸில போங்க."

பழனியாண்டியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறுகிற போதும் அவன் கண் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பிளாஸ்டிக் பைமேலேயே இருந்தது. உள்ளே, சுனில் என்ற பேரில் பேசிய அந்தச் சின்ன போன்.

"சார்... அதில முந்நூறு யாவாரிங்க நம்பர் இருக்கு. சிம்ம வீசிற மாட்டீங்களே? திருப்பித் தருவீங்கதானே?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவை இழுத்துச் சாத்தினார்.

"கவலப்படாத பழனி. எங்க டிபார்ட்மென்ட்டும் ஒன்னய மாதிரித்தான், எதையும் வீசமாட்டோம். இனி ஒன்னயவே எவ்ளோ பத்திரமா வச்சுக்கப் போறோம்னு பாரு!"