சான்று பெற்ற குரல்

இரண்டு கேள்வி தாண்டியதுமே இயந்திரம் ஜெபினைக் கீழே இறக்கத் தொடங்கிவிட்டது.

ஏறுபடித் தேர்வு அப்படித்தான். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். கடைசியில் எந்தப் படியில் நிற்கிறோமோ அதுதான் மதிப்பெண். பல்கலைக்கழகத்தில் வானியல் படிக்க உச்சிப்படி வேண்டும். ஜெபினுக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

அவனுக்குக் கையும் கழுத்தும் சொன்னபடி கேட்காது. பேச்சும் குழறும். வெளியாருக்கு அது வெறும் சத்தம். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்காக வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். அது யாருடைய மூளைக்குக் கிடைத்த மதிப்பெண் என்று சண்டை வந்ததால், அரசு அதைத் தடைசெய்து உடன்குரலியைக் கொண்டுவந்தது. குழறலைத் தெளிவான தமிழாக்கும் சின்னக் கருவி. அவன் பேசப் பேச, புரிந்தவர் ஒருவர் அர்த்தத்தைத் தட்டச்சு செய்து அதைப் பழக்க வேண்டும். சான்று கிடைத்துவிட்டால் சட்டப்படி அதுதான் அவன் குரல்.

பழக்கியது அக்கா ஷைனி. விருந்தாளிகளிடம் அவன் பேச்சை அவள் சுருக்கிச் சொல்வதுண்டு. அவர்கள் போனபின் இருவரும் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் கருவி முன்னால், "இதுல ஒரு வார்த்தை விடமாட்டேம்ல" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

தேர்வறையில் உடன்குரலி வாய்திறக்காது. மற்றவர் காதில் விழுந்துவிடும் என்று பதிலை நேரே இயந்திரத்துக்கு அனுப்பிவிடும். நீல விண்மீன் ஏன் சிவப்பைவிடச் சூடானது என்று ஜெபின் விளக்கினான். கேள்வி எளிதானது. அடுத்ததை இன்னும் விரிவாக விளக்கினான். இன்னும் எளிதானது. கடைசியில், பூமியைச் சுற்றுவது எது என்று கேட்டது. எரிச்சலில் "நெலா" என்றான். ஒரு படி ஏறியது! மறுபடி விளக்கினான், இறங்கியது.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். மற்றவர்களிடம் பேசும்போது கருவி உரக்கப் பேசும். "நான் சொல்லுத பதில் போகல, கருவி மாத்திச் சொல்லுது, நிறுத்துங்க" என்றான்.

"கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்றது உடன்குரலி, இனிமையான குரலில்.

அந்த அம்மாள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, தலையை நிமிர்த்திப் புகட்டியும் விட்டார்.

வெளியே வந்ததும் ஷைனி கருவியை அணைத்தாள். "பழக்கும்போது அதுல என்னக்கா அடிச்ச?" என்றான் ஜெபின்.

அவள் முகம் வெளுத்தது. "நட்சத்திரம் சாகுறதப் பத்தி ரொம்ப நேரம் சொன்னியே, எனக்கு ஒண்ணும் வெளங்கல. வானம் அழகா இருக்குன்னு அடிச்சேன்."

"மத்தது?"

"சின்னதா பேசுனாத்தான்ல எனக்குப் புரியும். நீளமா பேசுனா எப்பவுமே புரிஞ்சதில்ல. தலைய ஆட்டிருவேன். சொன்னா நொந்துபோயிருவியேன்னுதான்..."

படி இறங்கியதைவிட இதுதான் அவனைக் கொன்றது. தான் யாரென்று இந்த உலகத்தில் ஒருத்திக்காவது தெரியும் என்று நம்பியிருந்தான். இத்தனை வருடமும் ஆசை ஆசையாகச் சுவரிடம் பேசியிருக்கிறான். சிரிக்கும் சுவர், அவ்வளவுதான்.

ஷைனி அழுதுகொண்டே அவன் சக்கர நாற்காலியைக் குறைதீர் அதிகாரியிடம் தள்ளிப்போனாள். அவர் நல்ல மனிதர். "கருவியைப் போடுங்கம்மா, தம்பியே சொல்லட்டும்" என்றார்.

"தப்பு" என்றான் ஜெபின்.

"தவறு" என்றது உடன்குரலி.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன தப்பு தம்பி? பயப்படாம விளக்கமாச் சொல்லுங்க."

ஜெபின் விளக்கமாகச் சொன்னான்.

"எல்லாரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். மிக்க நன்றி" என்றது உடன்குரலி.

"அய்யா, அவன் அப்படிச் சொல்லல..." என்று ஷைனி பதறினாள்.

"நீங்க பேசக்கூடாதும்மா" என்று அதிகாரி கையை உயர்த்தினார். "இவ்வளவு காலமும் அவருக்காக நீங்கதான பேசினீங்க? இனிமேலாவது அவரைப் பேச விடுங்க."

ஜெபின் தொண்டை கிழியக் கத்தினான். உடன்குரலி அவருக்கு இன்னொரு முறை நன்றி சொன்னது.